பத்துக்குப் பதினைந்து

"பத்துக்கு எத்தனை சார் போடலாம்?" என்று கேட்டாள் நர்ஸ்.

"பத்துக்குப் பதினஞ்சு போடுங்க சிஸ்டர்," என்றார் கட்டிலில் கிடந்தவர். போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடியிருந்தார். "பத்துக்கு மேல உங்ககிட்ட நம்பர் இல்லைன்னா அது என் தப்பா?"

நர்ஸுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஆபரேஷன் முடிந்தவர்களிடம் வலி எவ்வளவு என்று கேட்டால் பாதிப் பேர் "இருக்கு", "பரவாயில்லை", "என்னமோ போங்க" என்பார்கள். வலியே இல்லையென்றால் பூஜ்யம், உயிர் போகிறது என்றால் பத்து என்று விளக்கி முடிப்பதற்குள் அவளுக்கே தலைவலி வந்துவிடும். இவரோ கேட்டு வாய் மூடுமுன் சொல்கிறார்.

கட்டில் கம்பியில் தொங்கிய தாளை எடுத்துப் பார்த்தாள். பித்தப்பை எடுத்து இரண்டாம் நாள். 'வலி நான்கைத் தாண்டினால் ஊசி' என்று டாக்டர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கேட்டு எழுதிய எண்கள். ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று. ஒரு ஊசிகூடப் போடவில்லை.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டு மணிக்குப் பொறுப்பை ஒப்படைக்கும்போது காலை ஷிப்ட் நர்ஸ் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "ஏழாம் ரூமா? தங்கமான பேஷன்ட். ஒரு தொந்தரவு கிடையாது," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். தொந்தரவு எப்படி இருக்கும்? உட்கார்ந்த இடத்திலேயே எண்ணை எழுதித் தள்ளியிருக்கிறாள், மகராசி.

"வலி எவ்வளவுன்னு உங்களை யாராவது வந்து கேட்டாங்களா சார்?"

"என்னையா? ஒரு ஈ, காக்கா கேக்கலை சிஸ்டர்! வருவாங்க, பிரஷர் பாப்பாங்க, போவாங்க. ஒரு மாத்திரையாவது குடுங்கன்னு காலையில நானே வாய்விட்டுக் கேட்டேன். சிரிச்சுட்டுப் போயிட்டாங்க."

"சிரிச்சாங்களா!" நர்ஸின் காது மடல் சிவந்தது. "எங்க வலிக்குது?"

"முதுகுல ஆரம்பிச்சு தோள்பட்டை வரைக்கும் இழுக்குது. கழுத்தைத் திருப்ப முடியலை."

தோள்பட்டை என்றதும் அவள் தலையாட்டினாள். வயிற்றில் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷனுக்கு உள்ளே காற்று நிரப்புவார்கள். அது போனபின்னும் வலி மேலே ஏறித் தோளைப் பிடித்துக்கொள்ளும். போன மாதப் பயிற்சி வகுப்பில் இதைப் பற்றி அரை மணி நேரம் பேசிக் கைதட்டல் வாங்கியவள் அவள். முகத்தைப் பார்த்தே வலியின் எண்ணைச் சொல்லிவிடுவாள் என்று வார்டில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பரப்பியதில் அவளுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

"ஏய், தலைகாணியை இன்னும் கொஞ்சம் ஏத்தி வை," என்று அதட்டினார் அவர்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்ற மனைவி, ஒரு கையை மட்டும் வெளியே நீட்டித் தலையணையைச் சரிசெய்தாள்.

"தண்ணி."

டம்ளர் வந்தது.

"சுடுதண்ணி கேட்டேன்."

அவள் பிளாஸ்கை எடுக்கப் போனாள். நான்கு எட்டு நடப்பதற்கு நாற்பது எட்டு நடக்கிற நேரம் ஆயிற்று. முகம் வெளுத்துக் கிடந்தது. துணைக்கு வந்தவர்களை இந்த ஆஸ்பத்திரி ஒரே நாளில் சக்கையாகப் பிழிந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டாள் நர்ஸ்.

"கொஞ்சம் உக்காருங்கம்மா. ரொம்ப அலையறீங்க."

"எனக்கென்ன சிஸ்டர், நான் நல்லாத்தான் இருக்கேன். அவருதான் பாவம், ராத்திரி பூரா பொட்டுத் தூக்கமில்லை."

நர்ஸ் கட்டில் பக்கம் திரும்பினாள். "நீங்க வாயைத் திறந்து சொன்னது நல்லதாப் போச்சு சார். வலியை அடக்கி வெச்சா மூச்சை இழுத்து விட முடியாது, சளி கட்டிக்கும், நடமாட முடியாது. தாங்கிக்கிறவங்களுக்கு இங்க யாரும் மெடல் குடுக்கப்போறதில்லை."

"நல்லாக் கேட்டுக்கோ," என்றார் அவர் மனைவியிடம். "படிச்சவங்க சொல்றாங்க."

மனைவி பணிவாகக் கேட்டுக்கொண்டாள்.

நர்ஸ் தாளில் பத்து என்று கொட்டை எழுத்தில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டாள். காலை ஷிப்ட்காரியைப் பற்றித் தலைமை நர்ஸிடம் என்ன சொல்வது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டே போய், மருந்தை ஏற்றிய ஊசியோடு தட்டைக் கொண்டுவந்தாள். பெற்ற தாயாகவே இருந்தாலும் கையில் கட்டிய அடையாளப் பட்டையைப் பார்க்காமல் மருந்து ஏற்றக்கூடாது என்பது விதி. அவள் விதி தவறாதவள்.

"கையை நீட்டுங்க சார்."

நீட்டினார். கடிகாரம் இருந்தது.

"அந்தக் கை."

மோதிரம் இருந்தது. பட்டையும் இல்லை, மருந்து ஏற்றும் குழாயும் இல்லை.

"ஆபரேஷன் அன்னிக்குக் கையில ஒரு பட்டை கட்டினாங்களே சார், அது எங்க?"

"அதுவா? அது அவ கையில இல்ல இருக்கு! ஆபரேஷன் அவளுக்குத்தானே? துணைக்கு வர்றவனுக்குன்னு ஒரு பெஞ்சு போட்டிருக்கீங்க பாருங்க, அதுல ஒரு ராத்திரி நீங்க படுத்துப் பாருங்க சிஸ்டர், அப்பத் தெரியும் என் கஷ்டம்."

பட்டை கட்டிய கையைச் சால்வைக்குள்ளிருந்து மெல்ல வெளியே எடுத்த மனைவி சொன்னாள்: "முதல்ல அவருக்குப் போட்டுடுங்க சிஸ்டர். மிச்சம் இருந்தா எனக்கு ஒரு சொட்டுப் போடுங்க."