மணல்மேட்டு ஷேக்

"ஷேக்கு, கிராக்கி வந்துட்சு. ஒட்டகத்த எழுப்பு."

தேவதாஸ் சொன்னது காதில் விழாதவன்போல ஷேக் ஒட்டகத்துக்கு அந்தப்பக்கம் போய் நின்றுகொண்டான். படகிலிருந்து இறங்கியவர்களை அவன் ஏற்கெனவே பார்த்துவிட்டான்.

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த மணல்மேட்டில், ஒரு சினிமாக் கம்பெனி பாலைவனக் கதைக்காக ப்ளைவுட் அரண்மனை கட்டிப் படம் எடுத்துவிட்டுப் போயிருந்தது. அதைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் படகு படகாக ஜனம் வந்தது. ஒட்டகம் தேவதாஸுடையது. அதை நடத்த வந்தவனுக்கு, கம்பெனி விட்டுப்போன வெள்ளை அங்கியை மாட்டி, கண் மட்டும் தெரியும்படி துணியைச் சுற்றி, ஷேக் என்று பேர் வைத்ததும் அவன்தான்.

"வயித்த வலிக்குது. குதிரைக்காரன்கிட்ட அனுப்பிடு," என்றான் ஷேக் மெதுவாக.

"காலைலேர்ந்து ரெண்டே சவாரி. கம்முனு வா."

வந்தவர்கள் மூன்று பேர். மீஞ்சூரில் மரக்கடை வைத்திருக்கும் ரியாசுதீன், அவன் தங்கை மஸூதா, அவளுடைய நாலு வயது மகள். குதிரைக்கார மாசிலாமணி அதற்குள் முந்திக்கொண்டு குழந்தையின் கையைப் பிடித்திருந்தான்.

"குதிரைல ஏறுங்க பாய். அந்த ஒட்டகம் போன வாரம் ஒருத்தரக் கடிச்சிட்சு."

"பொய் பேசாத," என்று தேவதாஸ் இன்னொரு கையைப் பிடித்தான். "நம்ம ஆளு ராஜஸ்தான் பாய். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஒட்டகம் அவன் சொன்னாத்தான் கேக்கும்."

இருவரும் இரண்டு பக்கம் இழுக்க, குழந்தை அழ ஆரம்பித்தது.

"கடிக்கிற ஒட்டகம் இன்னாத்துக்கு? குதிரையே போதும்," என்றான் ரியாசுதீன். ஷேக்குக்கு மூச்சு வந்தது.

"இல்லண்ணே," என்றாள் மஸூதா. "ஒட்டகம்தான்."

வேறு வழியில்லை. ஷேக் குழந்தையைத் தூக்கி உட்கார வைத்தான். தலையைக் குனிந்தபடி கயிற்றைப் பிடித்து நடந்தான்.

அரண்மனையின் முன்பக்கம்தான் மினுமினுப்பு. பின்பக்கம் வெறும் சவுக்குக் கட்டைகள். ஆள் நடமாட்டம் இல்லை. அங்கே போனதும் ஒட்டகத்தை நிறுத்தினான். அண்ணாந்து, இமைக்காமல் குழந்தையையே பார்த்தான். எவ்வளவு நேரம் நின்றான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"ஏய், எதுக்குய்யா இங்க நிறுத்தின?"

ரியாசுதீன் மணலில் கால் புதையப் புதைய ஓடி வந்தான். பின்னால் மஸூதா. "கொழந்தைய இன்னா பண்ணப் பாத்த? வாயத் தொற."

ஷேக் ஓர் அடி பின்வாங்கினான்.

"திருட்டுப் பயலா நீ? மொதல்ல மூஞ்சியக் காட்டு."

ரியாசுதீனின் கை முகத்துணியைப் பற்றியது. இறுக்கம் தளர்ந்து துணி மூக்குவரை இறங்கிவிட்டது. ஷேக் கண்களை மூடிக்கொண்டான்.

"வுடுண்ணே," என்று மஸூதா குறுக்கே வந்து நின்றாள். "ஒட்டகம் மக்கர் பண்ணா அவர் இன்னா பண்ணுவாரு? கொழந்தை நல்லாத்தானே இருக்கா. நீ போய் படகைப் புடி, கூட்டம் ஏறுது."

ரியாசுதீன் முறைத்துவிட்டு, முணுமுணுத்தபடி கரைப்பக்கம் போனான். அவன் தலை மறையும்வரை காத்திருந்து, மஸூதா குழந்தையை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவிழ்ந்த துணியை எடுத்து ஷேக்கின் முகத்தில் பழையபடி சுற்றிவிட்டாள்.

"பம்பாயிலயே ஏஜென்ட் ஏமாத்திட்டு ஓடினது எனக்குத் தெரியும், அண்ணனுக்குத்தான் தெரியாது," என்றாள், குரலைத் தாழ்த்தி. "நீங்க கெளம்பறப்ப வயித்துல இருந்தவ இவதான். மகள நீங்க ஒரு தடவ பாக்கணும்னுதான் கூட்டியாந்தேன். துபாய்லேர்ந்து சீக்கிரம் வந்துடுங்க."