ஞாயிற்றுக்கிழமை தொலைகிற குழந்தை

இந்த ஞாயிறும் அந்தக் குழந்தை தொலைந்து போயிற்று.

முதுகில் சின்னப் பையோடு தானாகவே நடந்து வந்தது. முயல் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "அப்பாவைக் காணோம்" என்றது. அழவில்லை. பாடம் ஒப்பிக்கிற குரல்.

முயலக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விலங்குகளை வைத்தே கட்டிய பொழுதுபோக்குப் பூங்கா அது. யானை ராட்டினம், ஒட்டகச்சிவிங்கி ரயில், முதலை வாயிலிருந்து தண்ணீருக்குள் வந்து விழுகிற சறுக்கு என்று எல்லாம் உண்டு. கூட்டத்தில் கைவிட்டுப் போன பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் அறைக்குப் பெயர் முயல் வீடு. அதைப் பார்த்துக்கொள்கிறவள் முயலக்கா. மற்ற பிள்ளைகள் தொலைந்தால் அழுதே ஊரைக் கூட்டிவிடும். மைக்கில் ஒரு தரம் கூப்பிட்டால் போதும், பெற்றவர்கள் அலறியடித்துக்கொண்டு ஓடி வருவார்கள்.

இந்தக் குழந்தையின் அப்பன் மட்டும் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவான். கூப்பிட்டுக் கூப்பிட்டு முயலக்காவுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். வரும்போது சட்டை தொப்பலாக நனைந்திருக்கும், தலைமுடி நெற்றியில் ஒட்டியிருக்கும். பிள்ளையை இங்கே தள்ளிவிட்டு முதலைச் சறுக்கில் ஆட்டம் போட்டுவிட்டு வருகிறான். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பா வேண்டும்?

அவளுக்கு வயிறு எரிந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவளுக்கும் இதே வயதில் ஒரு மகன். ஞாயிறு முழுக்க நாத்தனார் வீட்டில் கிடக்கிறான். இங்கே வேலை செய்கிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டி வந்தால் அன்றோடு வேலை போச்சு, அது பூங்காவின் சட்டம். லீவு நாள் கிடைத்தும் பெற்ற பிள்ளையோடு இருக்கத் தெரியாதவனை அவளால் மன்னிக்க முடியவில்லை.

"அம்மா எங்கடா கண்ணு?" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். "அம்மா இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது.

அதற்கு இருந்த ஒரே ஆறுதல் கரடிதான். பூங்காவில் வேஷம் கட்டுகிறவர்களை மிருகத்தின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வேஷத்தோடு வாய் திறக்கக் கூடாது, முகத்தைக் காட்டக் கூடாது. ஆட்களை அனுப்புவது வெளி ஒப்பந்தக்காரர் என்பதால் உள்ளே யார் என்று மேலாளருக்கே தெரியாது. யானையும் புலியும் படம் எடுக்கிற இடத்தை விட்டு நகராது. கரடி மட்டும் முயல் வீட்டு ஜன்னலுக்கு அடிக்கடி வரும். மற்ற பிள்ளைகள் கூச்சல் போட, இந்தக் குழந்தை பேசாமல் கண்ணாடியில் உள்ளங்கையை வைக்கும். வெளியிலிருந்து கரடியும் கையை வைக்கும். அப்புறம் குழந்தை சமர்த்தாகப் பையைத் திறந்து சாப்பிடும்.

இன்றைக்கு முயலக்கா பொறுக்க மாட்டாமல் மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். பிள்ளையைப் போட்டுவிட்டுப் போகிறவனைப் போலீசில்தான் ஒப்படைக்க வேண்டும் என்று அவர் குதித்தார். மாலையில் அவரே வந்து வாசலில் நின்றுகொண்டார்.

அப்பன் வந்தான். அதே தொப்பல் சட்டை. குழந்தை ஓடிப் போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"இவர்தானா?" என்றார் மேலாளர்.

"இவரேதான் சார். வாரா வாரம் இதே கதைதான்."

மேலாளர் விலாசம் கேட்டார், என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். வேலை என்றதும் அவன் முகம் வெளிறிப் போயிற்று. குழந்தையை இறுக அணைத்துக்கொண்டான். முயலக்கா விடுவதாக இல்லை.

"நீங்கல்லாம் ஒரு அப்பாவா? நாளெல்லாம் ஒரு கரடி ஜன்னல்ல வந்து வந்து இந்தப் பிள்ளையப் பார்த்துட்டுப் போகுது. யாரு பெத்த பிள்ளையோ, அதுக்கு இருக்கிற அக்கறைகூட உங்களுக்கு இல்லையே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மேலாளர் போலீசைக் கூப்பிடப் போனை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனார்.

அந்த நேரம் பார்த்து மாலை ஊர்வலம் ஜன்னல் பக்கம் வந்தது. முன்னால் யானை, அதன் பின்னால் புலி, கடைசியில் ஆடிக்கொண்டே கரடி.

அப்பன் தோளில் சாய்ந்திருந்த குழந்தை நிமிர்ந்தது. கரடியைப் பார்த்தது. அப்பாவைப் பார்த்தது.

"அப்பா, நீ இங்க இருக்கியே. அப்ப அதுக்குள்ள யாரு?"

அவன் சட்டென்று குழந்தையின் வாயைப் பொத்தினான்.

ஊர்வலத்துக்கு வேஷக்காரர்கள் ஆள் மாறுவது முயலக்காவுக்குத் தெரிந்ததுதான். அந்தச் சட்டையை இப்போதுதான் சரியாகப் பார்த்தாள். அத்தனையும் வியர்வை. பகலெல்லாம் கரடியின் கம்பளித் தோலுக்குள் வெந்து வழிந்த வியர்வை.

மேலாளர் திரும்பினார். "குழந்தை என்னம்மா சொல்லுது?"

"ஊர்வலத்தைப் பார்த்து ஏதோ கேக்குது சார்." அவள் குழந்தையை மறைத்து நின்றாள். "போன் வேணாம் சார். நான்தான் அவசரப்பட்டுட்டேன். வாரா வாரம் விட்டுட்டுப் போற ஆளு இவரில்ல."

கண் இருக்கிறதா இல்லையா, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இருக்காது என்று மேலாளர் அவளைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டுப் போனார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றாள்.

முயலக்கா வாசலிலிருந்த செருப்பை எடுத்துக் குழந்தையின் காலில் மாட்டிவிட்டாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமையும் தொலைஞ்சு போயிடணும், என்ன கண்ணு?" என்றாள்.