பத்து குச்சியும் அப்படியே

“இவன் பேட்டரி திருடறான் ஜேம்ஸு! இல்லேன்னா என் பேரை மாத்திக்கிறேன்!” என்று கத்தினான் அருள்தாஸ்.

பேட்டரி என்றால் நிஜ பேட்டரி இல்லை, தீப்பெட்டி.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும், குமணன்சாவடியில் ஜேம்ஸ் வீட்டு மாடி அறையில் ஐந்து பேர் கூடி விண்வெளிக் கப்பல் ஓட்டுவார்கள். எல்லாம் பேப்பரில்தான். பெங்களூர் பெரியம்மா மகன் கொடுத்த இங்கிலீஷ் விதிப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து, பாதியைத் தமிழில் நோட்டில் எழுதி, மீதியைத் தானே சேர்த்து ஆட்டத்தை நடத்துகிறவன் ஜேம்ஸ்.

கப்பலில் ஆளுக்கொரு கைக் கம்ப்யூட்டர். நிஜக் கம்ப்யூட்டரை இவர்களில் ஒருவரும் தொட்டதில்லை. ஜேம்ஸ் மட்டும் ஒரு தடவை செருப்பைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் இருந்த கண்ணாடி அறைக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறான். 1993-ல் அதுவே பெரிய படிப்பு.

கல்யாணப் பத்திரிகை அட்டையில் அவரவர் கம்ப்யூட்டரை வரைந்து கொள்ள வேண்டியது. பெட்டிக்குப் பத்து தீக்குச்சி, அதுதான் சார்ஜ். ஒரு குச்சியைக் கிழித்தால், அது அணைவதற்குள் என்ன கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். ஜேம்ஸ் பதில் சொல்லியாக வேண்டும். பெட்டி காலியானால் ஆள் அவுட். திரும்பச் சேர்க்க மாட்டார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் அருள்தாசுக்கு வாரம் முழுக்க மேஸ்திரியின் திட்டு. இந்த இரண்டு மணி நேரம்தான் அவன் என்ஜினீயர். நாலு வாரமாக ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் போட்டதில் அதுவும் போச்சு. இன்றைக்கு ஓடி வந்து பார்த்தால், பாரிவாக்கம் கஜபதியைக் கேப்டன் ஆக்கியிருக்கிறார்கள்!

போதாததற்கு ஜேம்ஸின் தங்கை செலின், கஜபதிக்கு டம்ளர் வழிய டீ கொடுத்தாள். அருள்தாசுக்கு முக்கால் டம்ளர். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அந்த எரிச்சலோடுதான் கஜபதியின் தீப்பெட்டியைத் திறந்து பார்த்தான். பத்து குச்சியும் அப்படியே இருந்தது.

“நாலு வாரமா ஆடிக்கினு கீறே. ஒரு குச்சி கூடவா கொறையாது? ஊட்லேர்ந்து எடுத்தாந்து சொருவிக்கிறியா?”

கஜபதி தலையைக் குனிந்துகொண்டான்.

“பாத்தியா, வாயத் தொறக்கறானா பாரு!”

“அருள் அண்ணா, அது வந்து...” என்று ஆரம்பித்தாள் செலின். கஜபதி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

அந்தப் பார்வைதான் அருள்தாசுக்குத் தாங்கவில்லை. ஓகோ, கண்ணாலேயே பேசிக்கொள்கிற அளவுக்கு வந்தாச்சா?

“சார்ஜ் திருடினா ஆள் வெளியே. ரூலுன்னா ரூலு. இன்னிக்கு ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும். நீயே சொல்லு ஜேம்ஸு!”

ஜேம்ஸ் பேசுவதற்குள் கஜபதி எழுந்துவிட்டான்.

“இன்னாத்துக்கு மச்சான் சண்ட? நானே போறேன். நீ கேப்டனா குந்து.”

படியிறங்கினான். கீழே சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

அருள்தாஸ் கேப்டன் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தான். நாலு வாரத்து ஆற்றாமையும் தீர்ந்த மாதிரி இருந்தது.

“பீடை உட்டுது. ஆரம்பி ஜேம்ஸு.”

ஜேம்ஸ் ஆரம்பிக்கவில்லை.

“உன் பெட்டியத் தொற. எத்தினி குச்சி கீது?”

“மூணு.”

“கடைசியா வந்தன்னிக்கு எத்தினி வெச்சிட்டுப் போனே?”

“அதே மூணுதான். நான் இன்னா அவன மாதிரி திருடனா?”

ஜேம்ஸ் நோட்டைப் புரட்டி அவன் மடியில் போட்டான்.

“ரூலுன்னா ரூலுன்னியே, படி. சத்தமாப் படி.”

“ஆட்டத்துக்கு வராதவரின் பெட்டியிலிருந்து வாரத்துக்கு இரண்டு குச்சி...” அருள்தாசின் குரல் இறங்கியது. “...எடுத்துவிட வேண்டும்.”

நாலு வாரத்துக்கு எட்டு. இருந்ததோ மூன்று. இரண்டாவது ஞாயிறே அவன் அவுட் ஆகியிருக்க வேண்டும்.

“அப்போ... இது எப்டி அப்படியே கீது?”

“அடுத்ததையும் படி.”

“தன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்து, மொட்டை மாடி வெயிலில் ஒரு மணி நேரம் உட்காருகிறவருக்கு இரண்டு குச்சி சார்ஜ் ஏறும். அதை அவர் யார் பெட்டியில் வேண்டுமானாலும் போடலாம்.”

அருள்தாஸ் மேலே போட்டிருந்த காலைக் கீழே இறக்கினான்.

“உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிக்கினான்டா. அதுக்குத்தான் இன்னிக்கு அவன கேப்டன் ஆக்கினோம்” என்றான் ஜேம்ஸ்.

செலின் அழுதுவிட்டாள். “ஷிப்டு முடிஞ்சி வந்தா உங்களுக்கு இங்க எடம் இல்லாமப் பூடும்னு, நாலு வாரமும் கஜபதி அண்ணன் மொட்ட மாடியிலதான் குந்திக்கினு இருந்தாரு. ஒரு வாரம் கூட அவரு ஆடவே இல்லண்ணா!”