டிக் எடுக்காத டீச்சர்

"மறுபடியும் வந்துருச்சுங்க" என்று லெப்டொப்பை மேசைமேல் வைத்தாள் கேத்ரின்.

சுகந்தன் திறந்து பார்த்தான். கேட்காமலே வந்து குந்திய மூன்று தேடல் பட்டைகள், 'உங்கள் கணினிக்கு ஆபத்து' என்று ஓயாமல் மிரட்டும் ஒரு சிவப்பு ஜன்னல், யாருக்கும் வேண்டாத ஒரு விளையாட்டு. போன சனிக்கிழமைதான் எல்லாவற்றையும் வழித்துத் துடைத்து அனுப்பியிருந்தான்.

"இந்த வாரம் என்னத்த இறக்குனீங்க டீச்சர்?"

"வீடியோ வெட்டுறதுக்கு ஒண்ணு. ஃப்ரீன்னு போட்டிருந்துச்சு."

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே இருந்தது அவனுடைய கணினி பழுதுபார்க்கும் கடை. டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சர் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். இது ஏழாவது சனிக்கிழமை. இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமையே சட்டையை அயன் பண்ணி வைத்துவிடுகிறான்; மனதில் உள்ளதைச் சொல்லத்தான் வாய் வருவதில்லை.

விஷயத்தைக் கற்றுக்கொண்டால் அப்புறம் இந்தப் பக்கம் எதற்கு வருவாள்? அந்தப் பயத்தில் சுத்தம் செய்து கொடுத்ததோடு சரி, இதுவரை எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனால் இப்படியே போனால் லெப்டொப் தாங்காது. மனச்சாட்சி உறுத்தியது.

"இங்க பாருங்க டீச்சர்" என்றான், நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு. "புரோகிராம் செஞ்சவங்களோட சொந்த சைட்டுலதான் எடுக்கணும். பெரிசா பச்சையா ஒரு பட்டன் நிக்கும், அது வெறும் விளம்பரம். அப்புறம் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்'னு கண்ண மூடிக்கிட்டு அமுக்கக் கூடாது. 'கஸ்டம்'னு ஒண்ணு இருக்கும், அதுக்குள்ள போங்க. நமக்கு வேணாததுக்கெல்லாம் அவங்களே டிக் போட்டு வச்சிருப்பாங்க. ஒவ்வொண்ணா எடுத்து விட்டுரணும்."

"அடேயப்பா, இவ்வளவு இருக்கா!" கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள் கேத்ரின்.

வந்திருந்த குப்பையைத் துடைத்துவிட்டு, அதே வீடியோ புரோகிராமை ஒருமுறை இறக்கியும் காட்டினான். கூடவே எதுவும் ஒட்டிக்கொண்டு வரவில்லை.

"அப்ப இனிமே நான் வர வேண்டியதில்லையா?"

"தேவைப்படாதுங்க டீச்சர்" என்றான், மடையன்.

அவள் லெப்டொப்பைப் பையில் போட்டுக்கொண்டு, குடையை விரித்து மழையில் இறங்கினாள். சுகந்தன் கடை வாசல்வரை வந்து நின்றான். வலியப் போய்த் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டானே!

தெருவையே பார்த்துக்கொண்டிருந்தவனிடம் பென் டிரைவை நீட்டினாள், ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கும் தனுஷிகா.

"அண்ணே, இந்த நோட்ஸ பிரிண்ட் எடுத்துத் தாங்க. திங்கக்கெழம டெஸ்ட்."

திறந்தான். 'இலவச மென்பொருளுடன் ஒட்டி வரும் வேண்டாத மென்பொருள்களைத் தவிர்க்கப் பதினைந்து வழிகள்' என்றிருந்தது. அவன் சற்றுமுன் சொன்னதெல்லாம் முதல் மூன்று வரிகளிலேயே முடிந்துவிட்டது. மீதியில் பாதி அவனுக்கே புதிது.

"யாரு தங்கச்சி இதெல்லாம் எழுதிக் குடுத்தது?"

"எங்க கொம்பியூட்டர் மிஸ்தாண்ணே. இப்பதானே ஒங்க கடையிலேருந்து எறங்கிப் போனாங்க!"