கெட்டித் தையல்

கண்ணாடி முன்னால் நின்று, இடுப்பில் பேண்ட்டைப் பிடித்திருந்த கையை அவர் எடுத்தார். பேண்ட் சரேலென்று முழங்காலுக்கு இறங்கியது. சின்னப் பிள்ளை மாதிரி கைகொட்டிச் சிரித்தார்.

தையல் மெஷினில் குனிந்திருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. இந்த முறை கொஞ்சம் கூடுதலாகவே பிரித்துவிட்டோமோ?

விஷயம் இதுதான். எடையைக் குறைக்காவிட்டால் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தே பெருத்த உடம்பு. கெஞ்சிக் கூத்தாடித்தான் காலை நடைக்கு அனுப்பினாள். ஒரே வாரத்தில், நடந்து என்ன கண்டோம், பட்டன்கூட மாட்டவில்லை என்று அலுத்துக்கொண்டு இழுத்துப் போர்த்திப் படுத்துவிட்டார்.

அவளும் தையல்காரிதானே. அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து, அலமாரியில் இருந்த கறுப்புப் பேண்ட்டுகளின் பின்தையலைக் கொஞ்சம் பிரித்து, இடுப்பைத் தளர்த்தித் தைத்து வைத்தாள். பட்டன் மாட்டியது. மனுஷன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கக் கிளம்பினார்.

அப்புறம் அவ்வப்போது பிரித்தாள்.

பொய்தான். இருக்கட்டுமே, ஆள் பக்கத்தில் இருந்தால் போதும் அவளுக்கு.

இப்போதெல்லாம் தட்டில் பாதியை அவரே மிச்சம் வைக்கிறார். ஒருவழியாகத் திருந்திவிட்டார் என்று பூரித்துப்போயிருந்தாள்.

துண்டைச் சுற்றிக்கொண்டு, பேண்ட்டை அவள் மடியில் போட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"திட்டாத. முட்டி வலி தாங்கல. ரொம்ப நாளா நான் நடக்கவே இல்ல, பூங்காவுல சும்மா உக்காந்துட்டு வந்துடுவேன். ஆனா பாரேன், உடம்பு தானா இறங்குது."

அடப்பாவி மனுஷா! கோபம் மூக்குவரை வந்தது. ஆனால் இவள் மட்டும் என்ன யோக்கியம்? ஜாடிக்கேற்ற மூடி. இனி ஒளிவுமறைவு வேண்டாம், நாளையிலிருந்து தானும் கூடவே நடந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

தன் திருட்டைக் காட்டத்தான் பேண்ட்டின் உள்பக்கத்தைப் புரட்டினாள்.

துணியைத் தொட்டதுமே கை நின்றது. இதுவும் கறுப்புதான், ஆனால் அலமாரிப் பேண்ட் இல்லை. கல்யாணம் காட்சிக்கென்று பெட்டிக்குள் கிடந்தது. போன வருஷம் இவர் தொப்பைக்குத் தெறித்துவிடக் கூடாதே என்று அவளே போட்ட கெட்டித் தையல், ஒரு நூல்கூடக் கலையாமல் அப்படியே இருந்தது.

விரலால் தடவிப் பார்த்தாள். மறுபடியும் தடவினாள்.

நிமிர்ந்தாள். அவர் கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பி வயிற்றைத் தட்டிக்கொண்டிருந்தார். சட்டைக் காலர் கழுத்தை விட்டு விலகி நின்றது. காலரில் அவள் கை வைத்ததே இல்லை.

இதைப் பிடித்துத் தைத்துவிடு, சாயங்காலக் கல்யாணத்துக்குப் போட வேண்டும் என்றார்.

அவள் மெஷினை உறை போட்டு மூடினாள்.

"கல்யாணம் கெடக்கட்டும். டாக்டர பாத்துட்டு வந்துடலாம், வாங்க."

அதுவும் சரிதான், அந்த ஆளும் பார்த்து அசந்துபோகட்டும் என்று சிரித்துக்கொண்டே அவர் வேறு பேண்ட் தேடப் போனார்.