முதலாளியின் மெயிலுக்கு ஒரு பூட்டு

தன்னை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தைத் தானே தட்டச்சு செய்து, முதலாளி விட்டிருந்த இரண்டு எழுத்துப் பிழைகளையும் திருத்தி, கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தாள் யோகேஸ்வரி. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“இரு, போயிடாத. கவின் கம்ப்யூட்டர செக் பண்ணி முடிக்கட்டும். அப்பறம் சைன் போடறேன்,” என்றார் முதலாளி தியாகராஜன், கச்சாங் பூத்தே கடலையை மென்றுகொண்டே.

மலேசியாவின் பாசிர் கூடாங் துறைமுகத்தில் எட்டு லாரி வைத்துக் கண்டெய்னர் இழுக்கும் கம்பெனி அவருடையது. சுல்தான் கொடுக்கும் டத்தோ பட்டம் எப்படியும் வந்துவிடும் என்று, விசிட்டிங் கார்டில் பெயருக்கு முன்னால் இடம் விட்டு அச்சடித்து வைத்திருந்தார். நாலு வருடமாகியும் அவருக்குப் பட்டம் வரவில்லை. யோகேஸ்வரிக்கு ஒரே நாளில் ஒரு பட்டம் வந்துவிட்டது. திருடி.

விஷயம் இதுதான். ஒரே மாதத்தில் மூன்று வேலைகளை எதிர்ச்சாரிக் கம்பெனி தட்டிக்கொண்டு போய்விட்டது. மூன்றிலும் இவர் மெயிலில் அனுப்பிய விலையைவிடச் சரியாக இருபது வெள்ளி குறைவு. முதலாளியின் பாஸ்வேர்டு தெரிந்த இன்னொரு ஆள் அவள் மட்டுமே.

பதினோரு வருட வேலை. லாரி கம்பெனிக்காரர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் அறிந்த ஊர் இது. இந்தக் கடிதத்தோடு வெளியே போனால் துறைமுகம் பக்கம் எவனும் சேர்க்கமாட்டான். அவளுக்கு அழுகை வரவில்லை. அந்தக் கடலை டப்பாவைத் தூக்கி அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போலத்தான் வந்தது.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கவின், இனி மெயில் வெளியே கசியாமல் இருக்க, மெயில் படிக்கிற சாப்ட்வேர் மூன்றை எடுத்துச் சொன்னான். முதலாவதற்கு வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். பூட்டு பலமாக இருக்கும். இரண்டாவது இலவசம், ஆனால் நம் மெயிலெல்லாம் வேறு எவனுடைய மெஷினிலோ போய் உட்காரும். மூன்றாவதும் இலவசம்தான், மெயில் நம் மெஷினிலேயே இருக்கும். ஆனால் பதினோரு வருட மெயிலைச் சுமக்க இந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும், மெமரி கூட்ட வேண்டும்.

பிரைவசிக்கு விலையே கிடையாது என்று அரை மணி நேரம் முழங்கியிருந்த முதலாளி, முதலாவதன் விலையைக் கேட்டதும் மூன்றாவது போதும் என்றார். மெமரியின் விலையைக் கேட்டதும், பழைய மெமரி எங்காவது சும்மா கிடைக்குமா என்றார்.

சும்மா கிடைப்பதில் அவருக்கு ராசி உண்டு. முச்சந்தியில் கச்சாங் பூத்தே விற்கும் சபாபதி தினமும் நாலு மணிக்கு அவருக்குக் கடலை கொண்டுவந்து தருவார், காசு வாங்கமாட்டார். மற்றவர்களுக்கெல்லாம் காகிதப் பொட்டலம். முதலாளிக்கு மட்டும் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. மரியாதை லா, என்பார் முதலாளி. நாள் முழுக்க அவர் மெல்லும் சத்தத்தைக் கேட்டே ஆபீசில் மற்றவர்களுக்குக் கடலை வெறுத்துப்போயிருந்தது.

கவின் திரையிலிருந்து நிமிர்ந்தான். “பாஸ், உங்க மெயில வேற யாரும் தொறக்கல. இந்த ஒரு கம்ப்யூட்டர்லருந்துதான் தொறந்திருக்கு.”

“அப்ப நான் இல்லாத நேரத்துல இவ இங்க வந்து உக்காந்திருக்கா.”

“ரூம் சாவி உங்க இடுப்புலதான தொங்குது பாஸ்,” என்றாள் யோகேஸ்வரி.

கவின் பிரிண்டரைப் பார்த்தான். திரையில் படித்தால் முதலாளிக்குத் தலைவலி. வருவது போவது எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, விலை உள்ள வரியின் கீழே சிவப்புப் பேனாவால் கோடு இழுத்துத்தான் படிப்பார். அந்தத் தாளெல்லாம் எங்கே போகிறது என்று கவின் கேட்டான்.

முதலாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “என்னை என்னா முட்டாள்னு நெனச்சியா? ஒரு தாளுகூட இங்க வைக்கறதில்ல. வாராவாரம் என் கையால கட்டி, என் கார்ல நானே கொண்டு போறேன். பிரைவசின்னா அதான். சொல்லிக் குடுக்க உங்களுக்கெல்லாம் நான்தான் வேணும்.”

சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார். கடிதத்தை இழுத்துத் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார்.

கதவு தட்டப்பட்டது. மணி நாலு. சபாபதி புது டப்பாவோடு உள்ளே வந்து, பழைய டப்பாவை எடுத்துக்கொண்டார். போகாமல் தலையைச் சொறிந்தபடி நின்றார்.

“முதலாளி, போன வாரம் குடுத்த பேப்பர் கட்டு நேத்தே முடிஞ்சிருச்சி. கார்ல புதுசு இருக்கா?”

முதலாளியின் பேனா இரண்டாவது எழுத்துக்குப் போகவில்லை. அப்புறம் பேசலாம், போங்க என்று கையால் விரட்டினார். கடலை தொண்டையில் சிக்கியதோ என்னவோ, இருமல் வந்தது.

யோகேஸ்வரி கடிதத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“ஏண்ணே, கடையில விக்கிற வெறும் பேப்பர்ல மடிச்சுக் குடுத்தா ஆகாதா?”

“எனக்கு ஆகும்மா. எதிர்க் கம்பெனி மேனேஜருதான் எழுத்து உள்ள பேப்பர்லதான் வேணும்ங்கறாரு. செவப்புக் கோடு போட்டதுன்னா ரெண்டு பொட்டலம் வாங்குவாரு.”