தொரை போட்ட போன்

இந்தக் கதையின் கடைசியில் ஒருவர் வயிறு குலுங்கச் சிரிக்கப்போகிறார். யாரென்று இப்போதே சொல்ல முடியாது. முதலில் ஒரு திருகு கழல வேண்டும்.

திருகு இருந்தது நிஷாலினியின் சைக்கிளில். அதிர்வைத் தாங்கும் முன் ஷொக்கின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு. கொழும்பிலிருந்து அண்ணன் ரயிலில் ஏற்றிவிட்ட பழைய மலைச் சைக்கிள். மழையில் நின்று நின்று, திருகு கடைசி இறுக்கத்திலேயே பிடித்துக்கொண்டது. ஷொக் அசைய மாட்டேன் என்றது. விடிந்தால், அவள் இருக்கும் தேயிலைத் தோட்டத்தின் வழியாக ஓடும் நமுனுகுல மலையிறக்கப் போட்டி. கல்லுப் பாதையில் இப்படியே இறங்கினால் முதல் வளைவிலேயே கை மரத்துப்போகும்.

பதுளை பஜாரில் ஷொக் வேலை தெரிந்தவர் ஜுனைதீன் நானா ஒருவர்தான்.

"ஏலாது மகள்," என்றார் அவர், சைக்கிளை ஏறிட்டும் பார்க்காமல். "போட்டி முடிஞ்ச பொறகு கொண்டு வாங்க."

"முடிஞ்ச பொறகு எதுக்கு நானா?"

கடைக் கதிரையில் கால்மேல் கால் போட்டிருந்த சிற்றம்பலம் சிரித்தார். போட்டியை நடத்துகிற கழகத்தின் செயலாளர். அவர் மகன் சேந்தனின் சைக்கிளுக்குத்தான் ஜுனைதீன் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கழகத்துச் சைக்கிள்கள் வருஷம் முழுக்க வருவது இந்தக் கடைக்குத்தான்.

"பிள்ளை, அது சரியான இறக்கம். பெட்டையள் ஓடுற பாதையில்லை."

"எங்கம்மா தெனமும் கொழுந்துக் கூடையோட எறங்குற பாதைதான் சேர் அது," என்றாள் நிஷாலினி. "அவங்களும் பொம்பளதான்."

சிற்றம்பலத்தின் சிரிப்பு நின்றது. "ஜுனைதீன், உமக்கு வேற வேலை இல்லையோ?"

"இருக்கு சேர், இருக்கு." ஜுனைதீன் இன்னும் குனிந்துகொண்டார்.

வாசலில் நின்ற றுஷாந்தனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோட்டத்து வீட்டு வரிசையில் நிஷாலினிக்குப் பக்கத்து லயம், ஒரே வகுப்பு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி கத்துவது, மாதா கோயிலில் ஃபாதர் பிரசங்கத்துக்கு நடுவே இருமுவது, எல்லாம் அவன் தொண்டைக்குள் குடியிருந்தன.

"சரியான பயந்தாங்கொள்ளி நானா," என்று அவள் காதில் முணுமுணுத்தான். "யாரு என்ன சொன்னாலும் நீ எடத்த விட்டு நகராத."

ரோட்டைக் கடந்து எதிரே காசுக்குப் போன் பேசவிடும் கொமினிகேஷனுக்குள் நுழைந்தான். ஜுனைதீனின் கடைப் பலகையில் நம்பர் பெரிதாகவே எழுதியிருந்தது. பார்த்துப் பார்த்து அழுத்தினான்.

எதிர்க்கடையில் ரிசீவர் எழுந்தது.

"நான் தோட்டத்துத் தொரை பேசுறது." பதினாறு வயதுத் தொண்டையிலிருந்து தோட்ட மேனேஜர் தொரை மீசையோடு வெளியே வந்தார். "எங்க தோட்டத்துப் புள்ள ஒண்ணு சைக்கிள் கொண்டாந்திருக்கு. இப்பவே செஞ்சு குடு மேன். வெளங்குச்சா?"

வெளியே பஸ் கொண்டக்டர், "பசறை! பசறை!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

ஜுனைதீன் விறைத்து நின்றார். தோளில் கிடந்த துணியை இழுத்து அக்குளில் இடுக்கினார். "சரிங்க தொரை! இந்தா இப்பவே தொரை!"

றுஷாந்தனுக்குச் சிரிப்பு முட்டியது. இப்போது சிரித்தால் காரியம் கெட்டுவிடும். விழுங்கிக்கொண்டு போனை வைத்தான்.

வைத்த பிறகும் ஜுனைதீன் ரிசீவரைக் காதில் வைத்தபடி ஏதோ சொல்லித் தலையாட்டுவது கண்ணாடி வழியே தெரிந்தது. போன் கட்டானதுகூடத் தெரியவில்லை மனுஷனுக்கு! இரண்டாவது சிரிப்பையும் விழுங்கினான்.

அவன் திரும்பி வந்தபோது, சிற்றம்பலம் மகனின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு விடுவிடென்று போய்க்கொண்டிருந்தார். ஜுனைதீன் வெந்நீரில் நனைத்த துணியைத் திருகில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"குறடு போட்டா ஒடனே சுத்தாதா நானா?"

"சுத்தும். மண்டை மட்டும் கையோட வந்துரும். பலவந்தம் வேலைக்கு ஆகாது."

எண்ணெய் விட்டார். காத்திருந்தார். மறுபடி சூடு, மறுபடி எண்ணெய். பழைய டியூப் துண்டைச் சுற்றிப் பிடித்து, முதலில் இறுக்குகிற பக்கமே ஒரு மயிரிழை திருப்பினார். பிறகு கழற்றுகிற பக்கம். இப்படியும் அப்படியும், இப்படியும் அப்படியும்.

'டக்.'

திருகு சுழன்றது. ஹேண்டிலை அழுத்தினார். ஷொக் மெத்தென்று உள்ளே போய் எழும்பியது.

"போங்க," என்றார் ஜுனைதீன். "தோத்துப்போட்டு இந்தப் பக்கம் வரப்படாது."

கடையை விட்டுப் பத்தடி தள்ளி வந்ததும் றுஷாந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். இவ்வளவு நேரம் சேர்த்து வைத்தது.

"பாத்தியா நிஷா, எழும்பி நின்னத? 'இந்தா இப்பவே தொரை!' எப்படி என் வேல?"

"அத விடு. அந்தக் கேட்டு விஷயம்தான்டா பிரமாதம்."

"எந்தக் கேட்டு?"

"'சைக்கிள் செய்யாட்டி நாளைக்குத் தோட்டத்துக் கேட்டப் பூட்டிருவேன், போட்டி எப்படி நடக்குதுன்னு பாக்குறேன்'னு சொன்னியே. நானா போனக் கீழ வைக்காமலே செயலாளருக்கு அப்படியே சொன்னாரு. ஒடனே அந்தாளு மகனோட சைக்கிளத் தள்ளிக்கிட்டு நடையக் கட்டிட்டாரு."

றுஷாந்தனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"நிஷா... நான் கேட்டப் பத்திப் பேசவே இல்லையே."

இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பினார்கள்.

கடை வாசலில் ஜுனைதீன் வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு இடுப்பில் கை வைத்து, நெஞ்சை நிமிர்த்தினார். வந்தது அச்சு அசல் தொரையின் குரல்:

"அடுத்த தடவ கொமினிகேஷன் கதவச் சாத்திட்டுப் பேசு மேன். பசறை பஸ்காரன் எனக்கு ரெண்டு காதுலயும் கத்துறான்!"